சிதைந்த ஏடும் புதிர் விளையாட்டும்: ‘லேட்டன்’ தொடர்ச்சி, ‘வெண்பா’ ஆகியவற்றின் திறனாய்வு வரவேற்பு – தஞ்சை வட்டாரப் புதிர், சுவடி மரபுகளின் நோக்கில்

ஆய்வுச்சுருக்கம்

கையடக்கக் கருவிகளில் ஆடப்படும் புதிர்க்கதை விளையாட்டுகளைத் திறனாய்வாளர்கள் எந்த அளவுகோல்களால் மதிப்பிட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜப்பானில் 2007இல் வெளிவந்த ‘பேராசிரியர் லேட்டன்’ தொடரின் இரண்டாம் விளையாட்டும், கனடாவின் டொராண்டோவிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் தமிழ்க் குடும்பக் கதை விளையாட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. புதிர் கதையோடு ஒட்டுகிறதா, புதிர் கடினமானதா, ஆட்டம் நீளமானதா என்னும் மூன்று அளவுகோல்கள் மதிப்புரைகளில் மேலோங்கி நிற்கின்றன. ‘வெண்பா’வின் மையப் புதிர் சிதைந்த சமையற்குறிப்பை நிறைவு செய்வதாகும். காவிரிப் படுகையில் வேரூன்றிய கணக்குப் புதிர், ஈற்றடி நிறைவு, சுவடிப் பதிப்பு ஆகிய மரபுகளின் துணைகொண்டு நோக்கினால் அப்புதிரின் பொருளும், அதன் உண்மையான குறையும் தெளிவாகின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: புதிர், பிசி, வழிநூல், ஈற்றடி, சுவடிப் பதிப்பு, பாடவேறுபாடு, புலம்பெயர் தமிழர், காணொளி விளையாட்டு.

1. முன்னுரை

வீடியோ கேம் எனப் பரவலாக வழங்கும் காணொளி விளையாட்டு, தமிழ் ஆய்வுக்குப் புறத்தே நிற்கும் பொருளாகத் தோன்றலாம். எனினும் கதை சொல்வதும், கதையின் இடையே வினா எழுப்பி விடை காணச் செய்வதும் தமிழுக்குப் புதியன அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு பிசியையும் யாப்பின் வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. விடுகதை என்று பிற்காலத்தில் வழங்கிய வடிவம், இலக்கண நூலார் பார்வையில் பாட்டோடும் உரையோடும் ஒருங்கு எண்ணத்தக்க இலக்கிய வகையாக இருந்தது என்பது கருதத்தக்கது.

ஒரு படைப்பை அதன் வாசகர் எவ்வாறு ஏற்றனர் என்பதை ஆராயும்போது, வாசகர் முன்னரே கொண்டிருந்த எதிர்பார்ப்புகளை அறிவது இன்றியமையாதது. ஏற்புக் கோட்பாட்டை வகுத்த செருமானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் இதனை எதிர்பார்ப்பின் அடிவானம் என்று குறித்தார். புதிர்க்கதை விளையாட்டைப் பொறுத்தவரை அந்த அடிவானம் எவ்வாறு உருவாயிற்று, தமிழ் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஒரு விளையாட்டு அதற்குள் வந்தபோது எது காணப்பட்டது, எது காணப்படாமற் போயிற்று என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள். விடை காண்பதற்குத் தஞ்சை, குடந்தை வட்டாரத்தின் புதிர் மரபும் சுவடி மரபும் ஒப்பீட்டுத் தளமாகக் கொள்ளப்படுகின்றன.

2. தொடர்ச்சிப் படைப்பும் வழிநூல் இலக்கணமும்

ஜப்பானின் லெவல்-5 நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ் என்னும் இருதிரைக் கையடக்கக் கருவிக்காக ‘பேராசிரியர் லேட்டன்’ தொடரை உருவாக்கியது. முதல் விளையாட்டு 2007 பிப்ரவரியிலும் இரண்டாவது அதே ஆண்டு நவம்பரிலும் ஜப்பானில் வெளிவந்தன. இரண்டாவதன் ஆங்கில வடிவம் 2009இல் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அடைந்தது. தொடரின் புதிர்களுக்குப் பொறுப்பேற்றவர் உளவியல் பேராசிரியர் அகிரா டாகோ. மூளைக்கு உடற்பயிற்சி என்னும் பொருள்படும் தலைப்பில் 1966 முதல் அவர் வெளியிட்ட புதிர் நூல் வரிசை ஜப்பானில் பெருவழக்குப் பெற்றது.

முதல் விளையாட்டில் லேட்டனும் அவருடைய சீடன் லூக்கும் ஒரு சிற்றூருக்குச் செல்கின்றனர். ஊரில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் ஒரு புதிரை முன்வைக்கின்றனர். அதை விடுவித்தால் கதை நகரும். வரவேற்பு மிகுதியாக இருந்தபோதிலும் ஒரு குறை திரும்பத் திரும்பச் சுட்டப்பட்டது. புதிர்களுக்கும் கதைக்கும் தொடர்பில்லை; ஓநாயும் ஆடும் ஆறு கடக்கும் கணக்கைக் கொலை விசாரணையின் நடுவே கேட்பானேன் என்பதே அக்குறையின் சாரம்.

இரண்டாம் விளையாட்டில் பேராசிரியரின் ஆசான், திறப்பவரைக் கொல்லும் எனக் கருதப்படும் ஒரு பேழையைப் பெற்ற பின் உயிரற்றுக் கிடக்கிறார். அதன் மர்மத்தை நாடிய தொடர்வண்டிப் பயணமாகக் கதை விரிகிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புதிர்கள் இதில் உள்ளன. திரையின் மேலேயே கணக்கைக் கிறுக்கிப் பார்க்க ஒரு குறிப்பேட்டு வசதி சேர்க்கப்பட்டது. பொருள்களைக் கலந்து தேநீர் வகைகளைக் கண்டறிந்து, எதிர்ப்படுவோரின் மனநிலைக்கேற்பப் பரிமாறும் துணை விளையாட்டும் இடம்பெற்றது. புதிர்கள் கதைச் சூழலோடு முன்னையினும் நெருங்கி வந்தன என்றும், அசைவூட்டக் காட்சிகளும் குரல் நடிப்பும் செம்மையுற்றன என்றும் மதிப்புரையாளர்கள் பாராட்டினர். முதலாவதைப் பெரிதும் ஒத்திருக்கிறது என்பதும், சில புதிர்கள் சிந்தனையைவிடச் சொல் தந்திரத்தையே நம்புகின்றன என்பதும் குறைகளாகக் கூறப்பட்டன. மதிப்பெண்களைத் தொகுத்துத் தரும் தளங்களில் இரண்டு விளையாட்டுகளும் நூற்றுக்கு எண்பதுகளின் நடுவில், ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றன.

இவ்வரவேற்பைத் தமிழ் இலக்கண மரபின் சொற்களால் விளக்க இயலும். நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துச் செல்வதும், பின்னோன் வேண்டும் வேறுபாட்டைக் கொண்டிருப்பதும் வழிநூலின் இயல்பு. ஒத்துச் செல்லுதல் அங்கே குறையன்று. வழிநூலாதற்கு உரிய தகுதி. லேட்டன் தொடர்ச்சியை மதிப்பிட்டோர் ஒப்புமையைக் குறையாகவும் வேறுபாட்டை நிறையாகவும் கொண்டனர். எனினும் முதல் விளையாட்டை விரும்பியோர் நாடியது அந்த ஒப்புமையையே ஆதலின், இறுதி மதிப்பீட்டில் இரண்டும் சமநிலை எய்தின.

நீடித்து நின்ற பயன் வேறொன்று. புதிர் கதையோடு ஒட்டுகிறதா என்னும் வினா இவ்வகை விளையாட்டின் முதன்மை அளவுகோலாக உறுதிப்பட்டது. அதனோடு புதிரின் கடினமும், எண்ணிக்கையால் அமையும் நீளமும் துணை அளவுகோல்களாக நின்றன.

3. தஞ்சை வட்டாரத்தில் புதிரும் கதையும்

புதிர் கதையோடு கொள்ளும் உறவு தமிழ் மரபில் ஒரே தன்மையது அன்று. அதனை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, புதிர் தனித்து நிற்கும் நிலை. சோழநாட்டுக் கொறுக்கையூரைச் சார்ந்தவராகக் கூறப்படும் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ இதற்குத் தக்க சான்று. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் இதனைப் பதிப்பித்துள்ளது. நெல், நிலம், பொன், காலம் ஆகியவற்றின் அளவைகளைச் செய்யுளில் வகுத்துரைக்கும் இந்நூல் வியப்பூட்டும் கணக்குகளையும் தருகிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய, காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. முட்கள் 100 எனின் சுளைகள் 120 ஆகும். இவ்விதி எந்த அளவுக்கு மெய்யானது என்பதைவிட அது பயிற்றும் நோக்கு இன்றியமையாதது. புறத்தோற்றத்திலிருந்து உள்ளிருப்பதை உய்த்துணர்தல் அந்நோக்கு. 12 மரக்கால் கொண்டது ஒரு கலம் என்று நெல்லளந்து வாழ்ந்த வட்டாரத்தில் இத்தகைய கணக்குகள் திண்ணைப் பள்ளியின் பாடமாகவும் பொழுதுபோக்காகவும் விளங்கின. எனினும் இவற்றுக்கிடையே கதைத் தொடர்ச்சி இல்லை. லேட்டன் முதல் விளையாட்டின் புதிர்கள் இந்நிலைக்கு அணுக்கமானவை.

இரண்டாவது, கதை புதிராக முடியும் நிலை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் சொல்லும் ஒவ்வொரு கதையும் ஒரு வினாவில் முடிகிறது. விடை தெரிந்தும் மன்னன் வாய் திறவாவிடில் அவன் தலை சிதறும். விடை கூறினால் வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். இங்குப் புதிர் கதையிலிருந்தே எழுகிறது. பிழைக்கும் மௌனத்துக்கும் விலையும் உண்டு. லேட்டன் தொடர்ச்சி நாடிச் சென்றது இந்நிலையையே.

மூன்றாவது, புதிரை விடுவிக்கும் செயலே படைப்பாகும் நிலை. ஈற்றடி கொடுத்து வெண்பாவை நிறைவு செய்யுமாறு கேட்கும் அவைக்கள வழக்கம் இவ்வகையது. காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல்கள் பலவற்றின் பின்னணியாக இத்தகைய அறைகூவல்களே கூறப்படுகின்றன. அவதானியரின் அரங்குகளிலும் ஈற்றடி நிறைவு ஒரு பகுதியாகத் தொடர்ந்தது. கொடுக்கப்பட்ட சொற்கள் சில, இல்லாத சொற்கள் பல. இல்லாதவற்றை நிரப்பப் புலவனுக்குத் துணை நிற்பது யாப்பு. வெண்பாவில் வெண்டளையன்றிப் பிற தளை புகாது. ஈற்றடி முச்சீரால் அமைந்து நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும். இக்கட்டுப்பாடுகளே வெற்றிடத்தின் வடிவைக் காட்டிக்கொடுக்கின்றன.

இந்த மூன்றாம் நிலையைக் கருத்திற் கொண்டு ‘வெண்பா’ என்னும் விளையாட்டை அணுகுவது பொருத்தமாகும்.

4. ‘வெண்பா’: கதையும் புதிரும்

டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘வெண்பா’ 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. கையடக்கமாகவும் தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடத்தக்க நிண்டெண்டோ ஸ்விட்ச் உள்ளிட்ட பல கருவிகளில் இது கிடைக்கிறது. தமிழகத்திலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரே முதன்மை மாந்தர். மூன்று பெயர்களும் செய்யுளோடும் அழகோடும் தொடர்புடைய சொற்களால் ஆனவை. தாய் பாவடிவம், தந்தை பாப்புனைவோன், மகன் அழகு. செய்யுள் மரபைப் பெயராகச் சுமக்கும் குடும்பத்தில் மொழி தலைமுறை கடக்குமா என்பதே கதையின் உள்வினா எனலாம்.

ஆட்டத்தின் மையத்தில் ஒரு சமையற்குறிப்பேடு உள்ளது. தாயிடமிருந்து வெண்பாவுக்கு வந்த அந்த ஏடு சேதமுற்றுள்ளது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்து மங்கியும் படிநிலைகள் சில மறைந்துவிட்டன. எஞ்சிய சொற்கள், படங்கள், பாத்திரங்களின் அமைப்பு, வெண்பாவின் நினைவு ஆகியவற்றைக்கொண்டு மறைந்த படிநிலையை ஆடுபவர் உய்த்துணர்ந்து சமைக்க வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி முதலிய உணவுகள் அத்தியாயந்தோறும் புதிராக அமைகின்றன. வாழ்வின் நிகழ்வுகள் உரையாடலாக இடையே விரிகின்றன. சமைக்கும்போது ஒலிக்கும் வானொலிப் பாடல்கள் இவ்விளையாட்டுக்கென்றே புதிதாக இயற்றப்பட்டவை. தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலப் பாங்குகளை அவை நினைவூட்டுகின்றன.

கதை வளர வளர மகன் பெற்றோரின் மொழியிலிருந்தும் உணவிலிருந்தும் விலகுகிறான். பின்னர் ஒரு கட்டத்தில் ஆட்டம் கவினின் கைக்கு மாறுகிறது. தாயின் சமையலைத் தானே செய்ய முனையும் அவனுக்குத் தமிழ்க் குறிப்புகள் எளிதில் வசப்படவில்லை. அதுவரை ஏட்டின் சிதைவு தடையாக இருந்தது. இப்போது படிப்பவனின் மொழியறிவே தடையாகிறது.

5. ‘வெண்பா’வின் திறனாய்வு வரவேற்பு

இவ்விளையாட்டு பரவலான பாராட்டைப் பெற்றது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசான சீமஸ் மெக்நாலி பெரும்பரிசும், அதே ஆண்டு பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. ஓவிய நடை, ஒலி, இசை, புலம்பெயர் பெற்றோரின் தனிமையைச் சித்திரித்த பாங்கு ஆகியன மதிப்புரைகளில் மேலோங்கிப் போற்றப்பட்டன. எண்ணெய் பொரியும் ஓசை வரை உணவின் நுட்பம் காட்டப்பட்டிருப்பது தனித்துச் சுட்டப்பட்டது.

குறைகளாகக் கூறப்பட்டவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஆட்டம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. காலம் ஆண்டுக்கணக்கில் தாவுவதால் சில உறவு மாற்றங்கள் முழுமையாக விரியவில்லை. மற்றொன்று, புதிர்கள் எளியவை; பிழை நேர்ந்தால் இழப்பு எதுவுமின்றி மீண்டும் தொடங்கலாம், குறிப்புதவியும் உண்டு.

இவ்விரு குறைகளும் லேட்டன் முதலிய விளையாட்டுகளின் வழியே உறுதிப்பட்ட துணை அளவுகோல்களிலிருந்து எழுவன. முதன்மை அளவுகோலான கதையொட்டுதலில் ‘வெண்பா’ குறைகூற இடமின்றி நின்றது. ஆனால் அவ்வொட்டுதல் எத்தகையது என்பது மேலும் ஆராயத்தக்கது. உணவும் பண்பாடும் இணைந்திருக்கின்றன என்னும் பொது உண்மையோடு அமைவதானால், புதிர் கதைக்கு ஏற்ற அணியாக மட்டுமே கொள்ளப்படும். சிதைந்த ஏட்டை நிறைவு செய்தல் என்பது ஓர் அறிவுச்செயல். அதற்கென வரலாறும் நெறியும் உள்ளன. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நிகழ்ந்த நிலங்களுள் காவிரிப் படுகை ஒன்று.

குறுமை பற்றிய குறையை வெண்பா என்னும் பெயரைக் காட்டி விலக்க முனைவதும் பொருந்தாது. குறள் வெண்பா ஈரடியால் அமைவது அதன் செறிவால் நிலைபெறுகிறது, குறுமையே தகுதியாகிவிடாது. பாவலனின் வாழ்வு போதிய அளவு விரியவில்லை எனின், அது செறிவின் குறையாகவே கொள்ளத்தக்கது.

6. சுவடிப் பதிப்பாகிய புதிர்

குடந்தை அரசினர் கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராகப் பணியாற்றிய உத்தமதானபுரம் உ.வே. சாமிநாதையர், அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைப் பயிலத் தொடங்கி 1887இல் அதனைப் பதிப்பித்தார். முனை முறிந்தும், செல்லரித்தும், எழுத்து விளங்காமலும் கிடைத்த ஏடுகளிலிருந்து பாடத்தை மீட்பதே அப்பணியின் உள்ளீடு. பல படிகளை ஒப்பிடுதல், உரையாசிரியர் எடுத்தாண்ட சொற்களைக் காணுதல், பிற நூல்களின் ஒத்த இடங்களை நாடுதல், எதுகையும் மோனையும் தளையும் காட்டும் குறிப்புகளைப் பற்றுதல் என அதன் நெறிகள் பலவாகும்.

இந்நெறிகளுக்கும் ‘வெண்பா’வின் புதிருக்கும் உள்ள ஒப்புமை மேலோட்டமானது அன்று. இட்லிக் குறிப்பின் பக்கம் கிழிந்திருக்கும்போது ஆடுபவருக்குத் துணையாவது பாத்திரத்தின் வடிவம். தட்டில் துளைகள் உள்ளன. நீர் கீழே கொதிக்கிறது. ஆவி மேலேற வழி வேண்டும். ஆகவே தட்டுகளை அடுக்கும் முறை தானே விளங்குகிறது. புட்டுக்குழலின் அடியில் துளைச்சில்லு இருந்தாலன்றி மாவு நில்லாது, ஆவியும் புகாது. எழுதப்பட்ட குறிப்பு அழிந்தாலும் அக்குறிப்பின் காரணம் பாத்திரத்தில் எஞ்சியிருக்கிறது. செய்யுளில் யாப்பு ஆற்றும் தொழிலைச் சமையலில் பாத்திரம் ஆற்றுகிறது என்று இதனைக் கூறலாம். சொல் உதிர்ந்த இடத்தில் அமையத்தக்க சீரின் வடிவைத் தளை காட்டுவதுபோல, வரி உதிர்ந்த இடத்தில் நிகழ வேண்டிய செயலைத் துளையும் மூடியும் காட்டுகின்றன.

இந்நோக்கில் புதிர் எளிது என்னும் கூற்று மறுபார்வைக்கு உரியதாகிறது. அன்றாடம் இட்லி வார்த்த வீட்டில் வளர்ந்தவர்க்கு அப்புதிர் புதிரே அன்று. ஒருமுறையும் அப்பாத்திரத்தைக் காணாதவர்க்கு அது மெய்யான உய்த்துணர்வு. ஒரே புதிரின் கடினம் ஆடுபவரின் பண்பாட்டு நினைவைப் பொறுத்து மாறுகிறது. சங்கப்பாடலின் விடுபட்ட சொல்லை ஊகிப்பது யாப்பறிந்தார்க்கும் அறியாதார்க்கும் ஒன்றாகாமை போன்றது இது. பொதுவான கடின அளவுகோல் இங்குச் செல்லாமைக்கு இதுவே காரணம்.

கவின் ஏட்டைக் கையில் எடுக்கும் அத்தியாயம் இவ்வாய்வுக்கு மேலும் ஒரு படியைத் தருகிறது. ஏடு அழிவதால் நேரும் இழப்பு ஒருவகை. ஏடு இருந்தும் படிப்பாரின்மையால் நேரும் இழப்பு மற்றொரு வகை. தஞ்சை வட்டாரம் இரண்டையும் அறியும். சரசுவதி மகாலில் காப்பிடப்பட்டுள்ள மோடி எழுத்து ஆவணங்களும் ஓலைச்சுவடிகளும் அவ்வெழுத்துகளைப் பயின்றவர் கண்ணுக்கே பொருள் தருவன. இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்துச் சமையற்குறிப்புகள் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்னும் பெயரில் அந்நூலகத்தின் வெளியீடாக வந்துள்ளமையும் இங்குக் கருதத்தக்கது. அடுக்களைக் குறிப்பும் பதிப்புக்கு உரிய சுவடியே என்பதை அவ்வெளியீடு ஏற்கிறது. ‘வெண்பா’ அதே ஏற்பை ஒரு தனிக் குடும்பத்தின் கையேட்டுக்கு வழங்குகிறது. அரண்மனைக் குறிப்புக்கு நூலகம் உண்டு. குடிபெயர்ந்தவள் பெட்டியில் எடுத்துச்சென்ற குறிப்புக்கு மகன் ஒருவனே நூலகம். அவனுக்கு அம்மொழி வாராதெனின் அச்சுவடி அங்கேயே முடிகிறது.

7. ஒப்புமையின் எல்லையும் விளையாட்டின் குறையும்

ஒப்புமை எங்கே முடிகிறது என்பதையும் கூறுதல் ஆய்வு நேர்மைக்கு இன்றியமையாதது. விளையாட்டில் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் சரியான விடை ஒன்றே. அது சரியா என்பதைச் சமையலின் முடிவு உடனே காட்டிவிடும். பதிப்பாசிரியருக்கு அத்தகைய உறுதி கிடைப்பதில்லை. 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பில் சிதைந்த இடங்கள் நிரப்பப்படாமல் புள்ளியிட்டு விடப்பட்டன. 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. நிரப்பும் திறன் இருந்தும் நிரப்பாது விடுதல் பதிப்பறத்தின் ஒரு கூறு. நிரப்பியே ஆக வேண்டும் என்னும் விதியால் இயங்கும் விளையாட்டில் இதற்கு இடமில்லை.

இதனினும் முதன்மையான வேறுபாடு பாடவேறுபாடு பற்றியது. சுவடிகள் தம்முள் மாறுபடும். பதிப்பாசிரியர் ஒன்றை மூலமாகக் கொண்டு பிறவற்றை அடிக்குறிப்பில் காட்டுவார். சமையலும் அவ்வாறே ஊர்தோறும் வீடுதோறும் மாறுவது. அரிசியும் உளுந்தும் கலக்கும் அளவு, ஊறவைக்கும் நேரம், தட்டில் துணி விரித்தலும் எண்ணெய் தடவலும் என ஒவ்வொன்றிலும் வேறுபாடு உண்டு. குறுவையும் சம்பாவும் விளையும் படுகையில் அரிசி மாறினால் அளவும் மாறும். ‘வெண்பா’வின் ஏடு ஒரு பாடத்தையே ஏற்கிறது. தாயின் குறிப்பை மகள் தன் கைப்பழக்கத்தால் மாற்றிக்கொள்வதும், மகன் தனக்குக் கிட்டிய பொருளால் திருத்திக்கொள்வதும் புதிரின் விதிக்குள் நிகழவில்லை. மரபு கைமாறும்போது மாறியே தொடர்கிறது என்பதனைக் கதை உணர்த்த முனைகிறது. புதிரோ மாறாத ஒன்றை மீட்பதையே வெற்றி என்கிறது.

ஆகவே ‘வெண்பா’வின் மெய்யான குறை, நேரம் சிறிதென்பதோ விடை எளிதென்பதோ அன்று, விடை ஒன்றே என்பதாம். நன்னூல் கூறும் வழிநூல், முன்னோன் முடிபோடு ஒத்தும் தனக்குரிய வேறுபாடு கொண்டும் அமைவது. கவின் சமைக்கும் உணவு அவ்வாறு ஒரு வழிநூலாக அமைய விளையாட்டின் விதி இடந்தந்திருப்பின், கதையும் புதிரும் ஒரே பொருளைக் கூறியிருக்கும். ஈற்றடி கொடுத்த அவையில் ஒரே ஈற்றடிக்குப் புலவர் பலர் வெவ்வேறு வெண்பா பாட இயன்றமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்குக் கட்டுப்பாடு ஒன்று, விடைகள் பல.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

லேட்டன் தொடர்ச்சியின் வரவேற்பு, கையடக்கப் புதிர்க்கதை விளையாட்டுக்குக் கதையொட்டுதல் என்னும் முதன்மை அளவுகோலையும் கடினம், நீளம் என்னும் துணை அளவுகோல்களையும் வெளிப்படுத்துகிறது. தொடர்ச்சிப் படைப்பின் ஒப்புமையை மதிப்பிட நன்னூலின் வழிநூல் இலக்கணம் துணைபுரிகிறது.

தமிழ் மரபில் புதிர், கதைக்குப் புறத்தே தனித்து நிற்றல், கதையின் முடிவாதல், விடுவிக்கும் செயலே படைப்பாதல் என மூன்று நிலைகளில் அமைகிறது. ‘வெண்பா’ மூன்றாம் நிலைக்கு உரியது.

அதன் மையப் புதிர் சுவடிப் பதிப்பின் உய்த்துணர்வை ஒத்தது. பாத்திரத்தின் அமைப்பு அங்கு யாப்பின் தொழிலைச் செய்கிறது. ஆகவே புதிரின் கடினம் ஆடுபவரின் பண்பாட்டு நினைவைச் சார்ந்தது. பொது அளவுகோலால் அளக்கத்தக்கதன்று.

பாடவேறுபாட்டுக்கு இடமின்மை அவ்விளையாட்டின் உள்ளார்ந்த குறை. மதிப்புரைகள் சுட்டிய குறைகளைக் காட்டிலும் இது கதையின் கருவோடு நெருங்கிய தொடர்புடையது.

ஏடு சிதைவதைத் தடுக்கச் சேமிப்பும் படியெடுப்பும் உதவும். படிப்பார் இல்லாமற்போவதைத் தடுக்க அவை போதா. புலம்பெயர்ந்த நாட்டில் ஒரு சிறுவன் தாயின் கையெழுத்தின் முன் தடுமாறும் காட்சி, சுவடிகளின் நடுவே பணிபுரியும் தமிழாய்வுலகுக்கு அயலானது அன்று. அடுக்களைக் குறிப்பேடுகளைத் தொகுத்து, வீட்டுக்கு வீடு மாறும் பாடங்களோடு பதிப்பிக்கும் பணி காவிரிப் படுகையிலேயே தொடங்கத்தக்கது. அக்குறிப்புகளை எழுதிய தலைமுறை உடனிருந்து விளக்கக் கூடிய காலத்திலேயே அப்பணி நிகழ்தல் வேண்டும்.